இரண்டாம் நடைமேடையின் கடிகாரம்

ஜனவரி 22, வியாழன். காலை 9.40

சடகோபன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. வேட்டி மடிப்புக் கலையவில்லை. தலைமாட்டில் தூக்க மாத்திரை அட்டை ஒன்று. பத்துக் குழிகளும் காலி. செத்தவர் முகம் வெளுத்திருக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். இவர் முகம் வெயிலில் நடந்துவந்தவர் முகம்போல் சிவந்திருந்தது.

திருப்பதியில் கபிலதீர்த்தம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நான்கு மாடிக் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் ஓர் அறை, சின்னதாக ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. இவ்வளவுதான் சடகோபனின் வீடு. சப்-இன்ஸ்பெக்டர் தரணி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து முடித்தாள்.

அவளை இங்கே அனுப்பியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. செத்தவரின் டைரி, புத்தகம் எல்லாம் தமிழில் இருந்தன. ஸ்டேஷனில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. நகரியில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். சித்தூரில் நான்கு வருடம் இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அவள் தமிழுக்குக் கிடைத்த வேலை, பர்ஸைப் பறிகொடுத்த தமிழ்நாட்டு யாத்ரீகர்களைத் தேற்றுவது மட்டும்தான். வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸ். அங்கே அவளோடு பேச ஆள் கிடையாது.

வீட்டுக்காரர் கன்னையா கைகட்டி நின்றார். சத்தியவேடு பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்பு வந்து, மலைக்குப் போகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டே நான்கு மாடி எழுப்பியவர். சடகோபன் ரயில்வேயில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் அமெரிக்காவில், யாரோடும் வம்பு கிடையாது என்று ஒப்பித்தார். ஒன்பது மணிக்கும் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததாம். தட்டிப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தாராம்.

"ராத்திரி துன்னாரா இல்லையான்னுகூட தெர்ல மேடம். மனசு ஒடிஞ்சி போய்க்கினு இருந்தாரு. பொண்ணு பேசறதில்ல."

தரணி தலையணையைத் தொட்டாள். ஈரம். செத்தவரின் பின்தலை முடியும் ஈரம். மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் டம்ளர் இல்லை. தண்ணீர்க் குடமும் சொம்பும் சமையல் மேடையில் மூடிவைத்தபடி இருந்தன. பத்து மாத்திரையையும் எச்சிலில் விழுங்கியிருக்க வேண்டும்.

குளியலறைக்குப் போனாள். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சுவரில் கேஸ் கீசர், கீழே சின்ன சிலிண்டர், ஒரு பக்கெட். உள்தாழ்ப்பாள் ஒற்றைத் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ரொம்ப நாளாக அப்படித்தான் என்றார் கன்னையா, கேட்பதற்கு முன்பே.

காலை 10.50

மேசைமேல் சடகோபனின் போன் இருந்தது. பூட்டு எதுவும் போடவில்லை. பூட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார் பாவம்.

"பிளாக் எழுதுவாரு மேடம். அதுல எதுனா எழுதியிருப்பாரு, பாருங்க" என்றார் கன்னையா. இதை அவர் சொல்வது மூன்றாம் முறை.

தரணி திறந்தாள். வலைப்பூவின் பெயர் இரண்டாம் நடைமேடை. 2008-இல் தொடங்கியது. 2016-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம் தூசி படிந்து கிடந்துவிட்டு, போன டிசம்பர் நடுவில் திடீரென்று உயிர் வந்திருக்கிறது. பழைய பதிவுகள் அறுபத்தொன்று, புதியவை பத்தொன்பது. கடைசிப் பதிவு ஜனவரி 20, செவ்வாய். தலைப்பு, ‘சதுர வெளிச்சம்’.

"செவ்வாய்க்கிழமையோட நிக்கிதே" என்றாள்.

கன்னையா அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். "நல்லா பாருங்க மேடம்" என்றார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. தை மாதம், பதினொரு மணிகூட ஆகவில்லை. வியர்க்கிற வெயில் இல்லை.

11.20-க்கு ஹெட் கான்ஸ்டபிள் கிரண்குமார் அந்தப் போனை உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்தார். தெலுங்குக்காரர், கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவர், எந்த வழக்கையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பவர். தற்கொலை என்று எழுதிவிடலாமே என்றார். ஆம்புலன்ஸ் வரட்டும் என்றாள் தரணி. படிக்கட்டில் உட்கார்ந்து, தன் சொந்தப் போனில் அந்த வலைப்பூவைப் படிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கே ஆச்சரியம். எட்டு மாதத்தில் அவள் விரும்பிப் படித்த முதல் தமிழ் அதுதான்.

‘முகநூலில் எழுதினால் மறுநாள் கீழே போய்விடுகிறது. வாட்ஸாப்பில் எழுதினால் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. வலைப்பூவில் எழுதியது எழுதிய இடத்திலேயே நிற்கும். ஒன்பது வருடம் தாமதமாக ஒருவர் வந்தாலும் அதே நடைமேடையில் காத்திருக்கும். காத்திருக்கத் தெரியாத மனுஷனாக இருந்துவிட்டேன். என் எழுத்தாவது காத்திருக்கட்டும்.’

இது டிசம்பரில் எழுதிய முதல் புதிய பதிவு. ஜனவரி மூன்றாம் தேதி இன்னொன்று.

‘பதிவின் அடியில் தெரியும் நேரத்தைத் திருத்தச் சொல்லி மணிவேல் சண்டை போடுகிறான். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் நிமிஷக் கணக்கு பார்த்தவன் நான். என் கைக்கடிகாரம் தப்பாது, சுவர்க் கடிகாரம் தப்பாது. ஆனால் இதை மட்டும் திருத்தமாட்டேன். ஆரம்பத்தில் தெரியாத்தனமாக விட்டது, இப்போது தெரிந்தே விடுகிறேன். இது பாப்பா வீட்டுக் கடிகாரம்.’

கடைசியாக, ‘சதுர வெளிச்சம்’.

‘காலை எட்டு மணிக்கு என் குளியலறைச் சுவரில் ஒரு சதுரம் வெளிச்சம் விழும். எதிர்ச் சுவரில் இருந்த சன்னல் துவாரத்தின் புண்ணியம். என்னைப் பார்க்க வரும் ஒரே விருந்தாளி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். நேற்றோடு அதுவும் வருவதில்லை.’

பதிவுகளுக்குக் கீழே பின்னூட்டம் எழுதியிருந்தவர் ஒருவர்தான். மணிவேல், நகரி.

பகல் 12.15

உடலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரணி மறுபடி முகப்புப் பக்கத்துக்குப் போனாள். அங்கே புதிதாக ஒரு பதிவு இருந்தது.

‘என் சாவுக்கு யாரும் காரணம் இல்லை. தனிமை தாங்க முடியவில்லை. மகளே நீ பேசாதது என்னைக் கொன்றுவிட்டது. போகிறேன்.’

அடியில் தேதியும் நேரமும். ஜனவரி 21, புதன். இரவு 10.45.

கிரண்குமார் எட்டிப் பார்த்தார். அரக்கு வைத்த உறை அவர் அக்குளில் இருந்தது. செத்தவரின் உடல் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்தது. பதினொரு மணிக்கு இல்லாத பதிவு இப்போது இருக்கிறது. எழுதியதோ நேற்று ராத்திரி என்கிறது. தெய்யம் மேடம் என்றார் மெல்ல. தெலுங்கில் பேய்க்கு அதுதான் பெயர்.

"தெய்யத்துக்கு பாஸ்வேர்டு எதுக்கு" என்றாள் தரணி.

பகல் 1.05

கலிபோர்னியாவிலிருந்து அழைப்பு வந்தது. சடகோபனின் மகள் ஹரிப்ரியா. கன்னையா தகவல் சொல்லியிருந்தார். அந்தப் பதிவையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதற்கு மட்டும் அவர் தாமதிக்கவில்லை.

ஹரிப்ரியா அழவில்லை. கேட்ட கேள்விகளுக்குக் கணக்காகப் பதில் சொன்னாள். மூன்று வருடம் முன்பு அம்மா இறந்தபோது அவள் விமானத்தில் இருந்தாள். சென்னையில் இறங்கிப் புத்தூர் வந்து சேர நான்கு மணி நேரம் போதும். அவள் அப்பா காத்திருக்கவில்லை. குறித்த நேரத்துக்கு எடுத்துவிட்டார். வந்தபோது மயானத்தில் புகைதான் இருந்தது. அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. அதன் பிறகுதான் அவர் புத்தூர் வீட்டை விட்டுவிட்டு இந்த அறைக்கு வந்தார்.

"நேத்து அங்க ராத்திரி ஒம்பது மணிக்கு நைனா போன் பண்ணாரு. எனக்குக் காலைல ஏழரை. பார்த்துக்கினே இருந்தேன், எடுக்கல." அந்தப் பதிவின் வரிகளை ஒருமுறை வாசித்துக் காட்டினாள். "அதனாலதானா மேடம்?"

 சாயங்காலம் சொல்கிறேன் என்றாள் தரணி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அன்றைக்குத் தன்னால் தூங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணால் இனி எந்த நாளும் முடியாது.

பகல் 2.30

மணிவேல் நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அறுபது வயது, பவர்லூம் வைத்திருப்பவர், சடகோபனின் பள்ளித் தோழர். அழுது கண் வீங்கியிருந்தது.

கிரண்குமாருக்கு இவர்மேல்தான் சந்தேகம். 2008-இல் சடகோபனுக்கு வலைப்பூவைத் திறந்துகொடுத்தவரே இவர். பாஸ்வேர்டு இவரிடமும் இருக்கிறது. நகரியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டேகால் மணிக்கு எழுதி, நேற்று இரவு என்று நேரத்தை மாற்றிப் போட்டிருக்கலாமே. வலைப்பூவில் பதிவின் நேரத்தை நாமே குறிக்கலாம், அது சுலபம் என்று விளக்கினார்.

தரணி சுருக்கமாகக் கேட்டாள்.

"கடைசியா எப்ப வந்தீங்க?"

"ஞாயித்துக்கெழம. குளிச்சி, துன்னுட்டு, சாயந்திரம் கெளம்பினேன்."

"பாத்ரூம் தாழ்ப்பாள்?"

"நல்லா இருந்துதே. இறுக்கமா இருக்கும், தட்டித்தான் தெறக்கணும்."

"பிளாக்ல பாப்பான்னு எழுதறது யாரை?"

"ஹரிப்ரியாவ. அவன் வாயில வேற பேரே வராதும்மா."

பிறகு அவரே கேட்டார். நகரியில் எந்தத் தெரு என்று. சொன்னாள். அவள் அப்பாவைத் தெரியும் என்றார். சடகோபன் எழுதுவதைத் தன்னைத் தவிர ஒருவரும் படிப்பதில்லை, ஆனால் அவன் மட்டும் இன்னொருத்தர் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான், யார் என்று கேட்டால் சிரிப்பான் என்றும் சொன்னார்.

தன் போனில் வலைப்பூவின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினார். போட்ட பதிவுகளுக்கு மேலே, முடிக்காத ஒரு டிராஃப்ட். கடைசியாகச் சேமித்த நேரம், ஜனவரி 21, மாலை 4.12.

தரணி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மணிவேலிடம்கூட அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அது ஒருத்திக்குப் போய்ச் சேர வேண்டியது.

பிறகு ஒரு தாள் எடுத்து, 4.12 என்றும் 10.45 என்றும் எழுதி, இரண்டோடும் ஏதோ கூட்டினாள். கூட்டி முடித்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

4.40-க்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். வயிற்றில் மாத்திரை இல்லை. முகத்துச் சிவப்புக்குக் காரணம் வேறு. ரத்தம் முழுக்கக் கார்பன் மோனாக்சைடு என்ற புகை வாயு.

மாலை 5.30

கன்னையாவின் வீட்டுக் கூடம். வரும் ஞாயிற்றுக்கிழமை மலையில் ரத சப்தமித் திருவிழா. அறை கேட்டு அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அணைத்துவைக்கச் சொன்னாள் தரணி. மணிவேலும் கிரண்குமாரும் சுவரோரம் நின்றார்கள்.

"சடகோபன் சார் பிளாக்கை நீங்க படிப்பீங்களா?"

"தெனமும் படிப்பேன் மேடம். என்னா எழுத்து."

"எது பிடிச்சது?"

"எல்லாமேதான்."

"கடைசியா எழுதினது?"

கன்னையா சிரிக்கப் பார்த்தார். "சாமி கதை ஏதோ எழுதியிருந்தாரு."

தரணி எழுந்து அவரை மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளியலறை விளக்கைப் போட்டாள். எதிர்ச் சுவரில் ஓரடிச் சதுரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு ஈரம் காயாமல் வேறு நிறமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், திறந்த வராந்தாவை அடைத்து எழுப்பிய புது அறை ஒன்று, வர்ண வாசனையோடு, ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் யாத்ரீகர்களுக்காகத் தயாராக இருந்தது.

அவள் குரல் உயரவில்லை. திங்கள்கிழமை இந்தத் துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்தீர்கள். உள்ளே கேஸ் கீசர் எரிகிறது என்று தெரிந்தே அடைத்தீர்கள். செவ்வாயும் புதனும் அவருடைய ஆயுள் கெட்டி. வியாழன் விடிகாலைக் குளிரில் கதவைத் தாழ்போட்டு, கொஞ்சம் அதிக நேரம் குளித்திருக்கிறார். வாயு வெளியே போக வழியில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் சத்தம் கேட்டு நீங்கள் மாற்றுச் சாவியோடு வந்தீர்கள். உள்தாழ்ப்பாளை உடைத்தீர்கள். அவர் போயிருந்தார். துவாரத்தை அடைத்தது வெளியே தெரிந்தால் கட்டடமே போகும், கேஸும் வரும். துவட்டி, உடுத்தி, கட்டிலில் போட்டீர்கள். தலை ஈரம் காயவில்லை. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைக் காலி பண்ணி வைத்தீர்கள். டம்ளர் வைக்க மறந்தீர்கள். கையால் கடிதம் எழுதினால் எழுத்து மாட்டிவிடும். போன் பூட்டாமல் கிடந்தது. பிளாக் எழுதுகிறேன், படியுங்கள் என்று அவர்தான் உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாரே.

கன்னையா துவாரத்தைப் பற்றி வாதாடவில்லை. ஆனால் சாமர்த்தியம் இன்னும் மிச்சம் இருந்தது. "பதிவு வந்தது பன்னண்டேகாலுக்கு. அப்ப போன் உங்க கையில இருந்திச்சி. நான் எப்பிடி எழுதுவேன்?"

"அதைத்தான் நானும் நாள் பூரா யோசிச்சேன்" என்றாள் தரணி.

வலைப்பூவைத் தொடங்கும்போது நேரத்தை நாம் சரிசெய்யாவிட்டால் அது அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்தையே காட்டும். அந்தக் காலத்தில் எழுத வந்த நம் ஆட்கள் பாதிப் பேர் அதைச் சரிசெய்யவே இல்லை. சடகோபனும் அப்படித்தான் விட்டார். மகள் அங்கே போன பிறகு வேண்டுமென்றே விட்டார். தை மாதத்தில் அந்தக் கடிகாரம் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். காலை எட்டு மணி வாக்கில் கன்னையா எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பக்கத்துக்கு இன்னும் புதன்கிழமை சாயங்காலம். நேற்று இரவு என்று காட்ட அவர் போட்ட 10.45 அதற்கு இனிமேல் வரப்போகும் நேரம். வரப்போகும் நேரத்தைக் குறித்தால் பதிவு உடனே வெளியாகாது. அவுட்டரில் நிறுத்திய வண்டிபோல் நின்று, சிக்னல் விழுந்ததும்தான் உள்ளே வரும். அங்கே 10.45 அடித்தபோது இங்கே பகல் 12.15.

"பதினோரு மணிக்கு பதிவு இல்லைன்னதும் உங்களுக்குத்தான் வேர்த்துச்சி. மணிவேல் ஐயா செஞ்சிருந்தா கணக்கு தப்பாது. அந்தக் கடிகாரத்துக்காகச் சண்டை போட்டவரே அவர்தான்."

தன் போனில் அந்த வலைப்பூவைத் திறந்து அவர் முன் நீட்டினாள்.

"ஜனவரி மூணாந்தேதி அந்தக் கடிகாரத்தைப் பத்தி எழுதியிருக்காரு. இருபதாந்தேதி நீங்க அடைச்ச இந்தத் துவாரத்தைப் பத்தி எழுதியிருக்காரு. ரெண்டும் அங்கேயேதான் இருந்துச்சி. போன் உங்க கையில இருந்தப்பகூட ஒரு பதிவை நீங்க படிக்கல. படிச்சிருந்தா மாட்டியிருக்க மாட்டீங்க."

கன்னையா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கொல்லல மேடம். நாலு நாளு போனா கம்பி வச்ச சன்னல் போட்டுக்கலாம்னு நெனச்சேன். செத்தவர எழுப்பவா முடியும். அதான் அப்பிடி எழுதிட்டேன்."

"துவாரத்தை அடைச்சதுக்கு ஒரு கேஸ். அதை கோர்ட்டு பார்த்துக்கும்" என்றாள் தரணி. இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஆனா உசுரோட இருக்கற ஒரு பொண்ணு தலையில அந்தச் சாவை எழுதி ஒட்டினீங்களே. அதுக்குச் செக்ஷன் இருக்கான்னு எனக்குத் தெரியல."

மாலை 6.50

ஜீப்பில் கன்னையாவை ஏற்றி அனுப்பிவிட்டு, தரணி மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஹரிப்ரியாவை அழைத்தாள். அங்கே விடிந்திருக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

இல்லை என்று முதலில் சொன்னாள் தரணி. உங்களால் இல்லை. பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னாள். இன்று விடிகாலை 5.42-க்கு, குளிக்கப் போவதற்கு முன் உங்கள் நைனா ஒரு பதிவு எழுதிக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்தியிருக்கிறார், படிக்கட்டுமா என்று கேட்டாள்.

‘பாப்பா நேற்று போனை எடுக்கவில்லை. பரவாயில்லை, ஏழரை மணிக்கு ஆபீஸ் அவசரம் இருக்கும். நான்தான் நேரம் பார்த்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன, படிக்கிறாளே. டிசம்பரில் சும்மா இந்தப் பக்கத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். வந்துபோனவர் கணக்கில் தினம் ஒரு வரி, அமெரிக்கா 1. ஒன்பது வருடம் எழுதாத இடத்துக்குத் தினமும் ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்றால், விளக்கேற்றி வைக்க வேண்டாமா? அதனால்தான் மறுபடி எழுத ஆரம்பித்தேன். மணிவேலுக்குக்கூடச் சொல்லவில்லை. இன்று அவளுக்கு நேராகவே எழுதலாம் என்று இருக்கிறேன். அன்றைக்கு நான்கு மணி நேரம் காத்திருந்திருக்கலாம், பாப்பா. குளித்துவிட்டு வந்து மீதியை’

அதோடு நின்றிருந்தது.



"மேடம்," என்றாள் ஹரிப்ரியா. "நான் ஒரு நாள்கூடத் தெறந்து பார்த்ததில்ல."

"அப்ப அந்த அமெரிக்கா 1?" என்றாள் தரணி.

"அது ஆளே இல்ல மேடம். இன்டர்நெட்ல தேடற மிஷினுங்க எல்லாப் பக்கத்தையும் தெனம் ஒருவாட்டி சுத்தி வரும். அதுங்க அமெரிக்காவுல இருக்கு. அவ்ளோதான்." அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு மிஷினை நம்பி அந்த மனுஷன் பத்தொன்பது பதிவு எழுதியிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தரணி போனை வைக்காமல் அவள் ஓயும்வரை இருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, திங்கள். காலை 10.20

வழக்குக்கு வேண்டிய நகல்களை எடுத்துக்கொண்டிருந்தார் கிரண்குமார். போலிப் பதிவை நகல் எடுத்துக்கொண்டு, பார்வைக்குத் தெரியாமல் மறைத்துவைத்தாகிவிட்டது. இந்த நேரக் குளறுபடியைச் சரிசெய்துவிடட்டுமா, ஒரு நிமிஷ வேலை என்றார்.

வேண்டாம் என்றாள் தரணி. காரியங்களுக்கு வந்துவிட்டுப் போன ஹரிப்ரியா விமானம் ஏறுவதற்கு முன் அவளிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கிரண்குமார் வந்துபோனவர் கணக்கைத் திறந்தார். இந்தியா என்ற வரியில் இரண்டு. ஒன்று மணிவேல் என்று தரணிக்குத் தெரியும். இன்னொன்று, நேற்று இரவு குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டு ‘சதுர வெளிச்ச’த்தை மறுபடி படித்த அவளே.

அதற்கு மேல் வரியில், நேற்று ஒரே நாளில், அமெரிக்கா 81.

மிஷின் நிறைய வந்திருக்கிறது என்றார் கிரண்குமார்.

தரணி கணக்குப் போட்டாள். பழையவை அறுபத்தொன்று, புதியவை பத்தொன்பது. மிஷினுக்கு ஒன்று போக மீதி எண்பது.